கலிஃபோர்னியாவுக்கு நாலு ஓட்டை

காவேரிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். அழ வேண்டிய இடத்திலும் சிரிப்புதான். கல்யாணத்தன்று மணிமங்கலத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் அவள் குலுங்கிய குலுங்கலில், மூன்றாவது முடிச்சைப் போட முடியாமல் நாத்தனார் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஹெவி லைசென்ஸுக்கு லாரியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டியபோதும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டார். லைசென்ஸ் என்னவோ முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது.

வல்லம் வடகாலில் டிரெய்லர் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் இரண்டு வருஷமாக யார்டு டிரைவர். வேலை முடிந்து லைனை விட்டு இறங்கும் டிரெய்லரை முன்வண்டியில் கோத்து இழுத்துக்கொண்டு போய் யார்டில் நிறுத்த வேண்டும். கூடவே ஓடி வந்து கையசைத்து வழி சொல்வதும், பிரேக் குழாய்களை மாட்டுவதும் டென்னிஸ் அண்ணன். நாற்பத்தைந்து வயது. இருபது வருஷம் லாரி ஓட்டி, முதுகு போய், இப்போது தரையில் நின்றபடி மற்றவர்களை ஓட்ட வைக்கிறவர்.

அந்த வருஷம் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. மாதிரிக்குப் பத்து டிரெய்லர். அவை தேறினால் இன்னும் நானூறு. ஒவ்வொன்றும் ஐம்பத்து மூன்று அடி நீளம். யார்டில் திருப்பும்போது ரயில் பெட்டியைச் சந்துக்குள் திருப்புகிற மாதிரி இருக்கும்.

அந்த டிரெய்லர்களின் பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் நிலையாக நிற்பவை அல்ல. அமெரிக்கா என்று ஒரே பேரைச் சொன்னாலும், டிரெய்லர் விஷயத்தில் அங்கே ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வீட்டு மாமியார். முன்வண்டியில் டிரெய்லர் கோத்துக்கொள்ளும் பெரிய ஆணிக்குக் கிங்பின் என்று பேர். அங்கிருந்து பின்சக்கர அச்சு, அதாவது ஆக்ஸில், எத்தனை அடிக்குள் இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. ஒருத்தி நாற்பது என்பாள், அடுத்தவள் நாற்பத்தொன்று என்பாள், இன்னொருத்தி எப்படியோ போ என்று விட்டுவிடுவாள். அதனால் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸிலும் சேர்ந்தாற்போல் ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும்படி செய்திருந்தார்கள். தண்டவாளம் நெடுக ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை ஆறு அங்குலம். டிரைவர் ஓட்டையில் செருகியிருக்கும் லாக் பின்னை இழுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு முன்வண்டியை நகர்த்தினால், சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, பெட்டி அதன் மேல் வழுக்கிப் போகும். வேண்டிய ஓட்டை வந்ததும் லாக் பின் உள்ளே விழும். எந்த மாநிலத்துக்கு எந்த ஓட்டை என்று டிரைவர் தடுமாறக் கூடாது என்பதற்காக, தண்டவாளத்தில் மஞ்சள் கோடு போட்டு மாநிலத்தின் பேரையும் எழுதியிருந்தார்கள். கோடு போடும் யோசனை டிசைன் இன்ஜினியர் கோமதிநாயகத்துடையது. திருநெல்வேலிக்காரர். அந்தக் கோடுகளை அவர் தன் பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டார்.

வாங்குகிறவர்கள் தரப்பில் டிரெய்லர்களைச் சோதிக்க கார்ல் என்று ஒருவர் வந்திருந்தார். அவர் எட்டரைக்கு யார்டுக்கு வருவதாக ஏற்பாடு. காலை ஏழே காலுக்கு கோமதிநாயகம் ஒத்திகை வைத்தார். "கலிஃபோர்னியா கோட்டுக்குக் கொண்டாம்மா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு போன் பேச ஒதுங்கினார்.

காவேரி கொண்டுவந்தாள். லாக் பின் டணாரென்று விழுந்தது. கீழே இறங்கி வந்து கோட்டைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

மாநிலங்களின் அளவுகள் அச்சிட்ட பட்டியல் ஒன்று இரண்டு வாரமாகக் கேன்டீன் சுவரில் தொங்கியது. ஒரு டீ பிரேக்குக்கு ஒரு வரி என்று அவள் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாள். புரியாத இடத்தில், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கனிஷ்காவைக் கேட்டுக்கொள்வாள். அந்தப் பட்டியலில் அடிக்கணக்கு மட்டும் இல்லை. எதுவரை அளப்பது என்றும் ஒரு கட்டம் இருந்தது. ஃபுளோரிடாவுக்கு நேரே, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடு. கலிஃபோர்னியாவுக்கு நேரே, கடைசி ஆக்ஸில்.

"டென்னிஸண்ணா, அந்த டேப்பை எடுத்துக்கினு வாயேன்."

டென்னிஸ் கிங்பின்னில் டேப்பைப் பிடித்தார். காவேரி மறுமுனையோடு நடந்து போய்க் கடைசி ஆக்ஸிலின் நடுவில் வைத்தாள்.

"இன்னா வந்துது?" என்றார் டென்னிஸ்.

"நாப்பத்தொரு அடி. ஒம்போதரை அங்குலம்."

"நாப்பதுக்குள்ள தானே இருக்கணும்?"

"அதான்ணா" என்றாள். வயிற்றின் அடியிலிருந்து அது கிளம்பிவிட்டது. உதட்டைக் கடித்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பயனில்லை. டயரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

போன் பேசி முடித்து வந்த கோமதிநாயகத்துக்கு முகம் சுருங்கியது. "என்ன காவேரி, சிரிச்சிட்டு நிக்க? ஆளு வாராவ, தெரியும்லா?"

"சார், கோடு தப்பா கீது சார்." அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அலை வந்தது.

"வெளாடாத தாயி. நான் மூணு நாளாத் தூங்கல."

"வெளாடல சார். அதுக்குப் பயந்தா சிரிப்பு வரும்" என்றார் டென்னிஸ். "டேப்பு பொய் சொல்லுமா? நீங்களே பாருங்க."

கோமதிநாயகம் பார்த்தார். பிறகு இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் டேப்பை வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்பது அடி ஒன்பது அங்குலம். "இந்தா பாரு. சரியாத்தான இருக்கு?"

"நடுவுல அளக்கறது ஃபுளோரிடாக்காரன் சார். கலிஃபோர்னியாவுக்குக் கடைசி ஆக்ஸில்னு போட்டுக் கீது. கேன்டீன் சுவத்துல போய்ப் பாருங்க."

அவர் ஓடினார். கேன்டீன் நூறு அடி தூரம்தான். போகும்போது இருந்த ஓட்டம் வரும்போது இல்லை. வந்தவர் டிரெய்லரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாக் கோடுகளையும் அவர் ஒரே மாதிரி, நடுவை வைத்தே அளந்து போட்டிருந்தார். ஃபுளோரிடா சரி. இன்னும் இரண்டு மாநிலம் சரி. கலிஃபோர்னியா மட்டும் இரண்டு அடி தள்ளிப்போய்விட்டது. நாலு ஓட்டை. பத்து டிரெய்லர், பக்கத்துக்கு ஒன்றாக இருபது கோடு. அதை நம்பி ஓட்டுகிற ஒவ்வொரு டிரைவரும் எல்லை தாண்டிய உடனே மாட்டிக்கொள்வான்.

"மூணு நாளு..." என்று தொடங்கினார். மெல்ல அவர் தோள்கள் ஆடின. காவேரி பதறிப்போய்ப் பார்த்தாள். மனிதர் அழவில்லை. சிரித்தார். ஊமைச் சிரிப்பாகத் தொடங்கியது கண்ணில் தண்ணீர் வர இழுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்து அவளுக்கு அடங்கிக்கொண்டிருந்தது மறுபடியும் மூண்டது. டென்னிஸ் மட்டும்தான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டாகப் போவுது. சிரிக்கறவங்க சிரிச்சிக்கினே வாங்க. பெயின்ட் எங்க கீது?"

பெயின்ட் ஷாப்பின் சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது. சூப்பர்வைசர் வருவதற்கு ஒன்பதாகும். யார்டின் தரையில் பார்க்கிங் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயின்ட் ஒரு டின் செக்யூரிட்டி கூண்டுக்குப் பின்னால் இருந்தது. பிரஷ் ஒன்றுதான். மற்றவர்களுக்குக் குச்சியில் சுற்றிய பழந்துணி. பழைய கோட்டைத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும், நாலு ஓட்டை முன்னால் எண்ணிப் புதுக்கோடு இழுக்க வேண்டும், பேர் எழுத வேண்டும்.

கோமதிநாயகம் கனிஷ்காவுக்கு போன் போட்டார். அவள் அப்போது ஸ்ரீபெரும்புதூர் ஓட்டலிலிருந்து கார்லைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"கனிஷ்கா, ஒண்ணரை மணி நேரம் தாமசமா வரணும்மா. எப்படியாவது."

"சார், இருபது நிமிஷத்துல வந்துடுவோமே. ரோடு காலியா இருக்கு."

"காலியா இருக்கப்புடாது. எதையாவது காட்டு. எதையாவது குடிக்கக் கொடு."

கனிஷ்கா புத்திசாலிப் பெண். சாலையோரத்தில் இளநீர் வண்டியைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னாள்.

யார்டில் வேலை பறந்தது. லைனிலிருந்து இரண்டு வெல்டர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். டென்னிஸ் துடைத்துக்கொண்டே போனார், காவேரி ஓட்டை எண்ணிக்கொண்டே பின்னால் போனாள், கோமதிநாயகம் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, கலிஃபோர்னியா" என்று அவள் சொல்வாள். "முப்பத்தொம்பது ஒம்பதரை, ஓகே" என்று அடியிலிருந்து குரல் வரும். ஐந்தாவது டிரெய்லருக்கு வருவதற்குள் அது ஒரு ராகத்தில் சேர்ந்துவிட்டது. வெல்டர்கள் தகர டின்னில் தாளம் போட்டார்கள். ஏழாவதில் தின்னர் வாடை எல்லோர் தலைக்கும் ஏறியிருந்தது. கோமதிநாயகத்தின் வழுக்கையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்து, அதை அவரே துடைக்கப் போய் நெற்றி முழுக்க இழுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

இருபதாவது கோடு இழுத்து முடிந்தபோது மணி பத்தடிக்க ஏழு நிமிஷம். கேட் திறந்தது.

கார்ல் அறுபது வயது மனிதர். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. நாலு இளநீர் குடித்திருந்தார். காரை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி டிரெய்லரைப் பற்றியது அல்ல. கனிஷ்கா அவரைக் கழிவறைப் பக்கம் கூட்டிப் போனாள். அதில் இன்னும் ஐந்து நிமிஷம் கிடைத்தது. பெயின்ட் சீக்கிரம் காயட்டும் என்று காவேரி ஒரு டிரெய்லரின் கோட்டை அட்டையால் விசிறினாள்.

அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து பிளான்ட் ஹெட் நரசிம்மனும் கார்லோடு சேர்ந்துகொண்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கோமதிநாயகத்தின் மஞ்சள் நெற்றியைப் பார்த்து, காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கார்ல் தன் பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்தார். பட்டியலைக் கேட்கவில்லை. எல்லாம் மனப்பாடம். ஃபுளோரிடாவை அளந்தார், தலையாட்டினார். கலிஃபோர்னியா கோட்டுக்கு வந்தார். குனிந்து அளந்தார். எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொள்ளவே, ஒரு கையைத் தண்டவாளத்தில் ஊன்றித் தொடையையும் சாய்த்துக்கொண்டார்.

நிமிர்ந்தபோது உள்ளங்கையும் கால்சட்டையும் மஞ்சள்.

நரசிம்மனின் கண் ஒவ்வொருவர் மேலும் நின்று நின்று போயிற்று. காவேரி தன் கையையே கடித்துக்கொண்டாள். அதற்கும் மேலே மூக்கு வழியாக ஒரு சத்தம் பீறிட்டது.

கார்ல் தன் கையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எப்ப அடிச்சீங்கன்னு கேக்குறாரு" என்றாள் கனிஷ்கா மெதுவாக.

நரசிம்மன் முந்திக்கொண்டார். "சும்மா டச்சப்னு சொல்லும்மா."

கனிஷ்கா கோமதிநாயகத்தைப் பார்த்தாள். டச்சப் என்று விட்டால் அதோடு போயிற்று. கார்லுக்குத் தெரியவே போவதில்லை.

"இல்ல" என்றார் கோமதிநாயகம். "இன்னைக்குக் காலையிலதான் அடிச்சோம்னு சொல்லு. நான் நடுவுல அளந்து தப்பாப் போட்டிருந்தேன். கண்டுபிடிச்சது இவுங்க." மஞ்சள் விரலால் காவேரியைக் காட்டினார். "இந்த டிரைவரம்மா."

கனிஷ்கா ஒரு சொல் விடாமல் சொன்னாள். காவேரிக்கு அந்த இங்கிலீஷில் தன் பேர் மட்டும் புரிந்தது. என்ன சொல்கிறார்களோ என்று பயம் பிடித்தது. அடக்கியது அத்தனையும் வெளியே வந்தது. ஒரு வெளிநாட்டு மனிதரின் முன்னால், பிளான்ட் ஹெட்டின் முன்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கார்ல் அவளைப் பார்த்தார். தன் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். டிரெய்லர் பெட்டிக்குள் எதிரொலிக்கும்படி, தொண்டையைத் திறந்த சிரிப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னதைக் கனிஷ்கா துண்டு துண்டாகச் சொன்னாள். "இவரும் டிரைவர்தானாம். முப்பது வருஷம் ஓட்டியிருக்காராம். லாரி எடுத்த முதல் வருஷம்... கலிஃபோர்னியாவுல... இதே மாதிரி நடுவுல அளந்துட்டுப் போய் மாட்டிக்கிட்டாராம். அன்னிக்கு ரோட்டோரமா உக்காந்து அழுதாராம்."

"அயறதா?" என்றாள் காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் போயிருந்தா சிரிச்சிருப்பேன், அதுக்கும் சேத்து ஃபைன் போட்டுருப்பாங்கன்னு சொல்லு."

அதையும் கனிஷ்கா சொன்னாள். கார்ல் கலிஃபோர்னியாவை இன்னொரு தரம் அளந்தார். முப்பத்தொன்பது அடி ஒன்பதரை. பிறகு அவள் பக்கம் திரும்பி, ஸ்டியரிங் பிடிப்பது போல் இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

காவேரி முன்வண்டியில் ஏறினாள். ஃபுளோரிடா கோட்டில் நின்ற வேறொரு டிரெய்லரைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவர வேண்டும். டென்னிஸ் லாக் பின்னின் கைப்பிடியை இழுத்தார். அது வெளியே வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். புது இரும்பு, கடித்துக்கொண்டு நின்றது. கோமதிநாயகத்தின் உதடு எதையோ முணுமுணுத்தது.

"இரு அண்ணா" என்றாள் ஜன்னல் வழியாக. அந்த நேரத்தில் அவளுக்குப் பயமே இல்லை. அதனால் சிரிப்பும் இல்லை. முகம் அமைதியாக இருந்தது. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்வண்டியை ஒரு விரற்கடை முன்னால் தட்டினாள், ஒரு விரற்கடை பின்னால் தட்டினாள். தூளியில் பிள்ளையை ஆட்டுகிற அளவுதான். மூன்றாவது ஆட்டலில் பின் சளக்கென்று வெளியே வந்தது. அவள் மெல்லப் பின்னால் விட, ஐம்பத்து மூன்று அடிப் பெட்டி நின்ற சக்கரங்களின் மேல் வழுக்கி வந்தது. டென்னிஸ் கையை ஓங்கினார். ஓங்கிய கையோடு அவள் கால் பிரேக்குக்குப் போயிற்று. டணார். மஞ்சள் கோட்டுக்கு நேரே பின் விழுந்தது. வெல்டர்களில் ஒருவன் விசிலடித்தான். நரசிம்மன் கைதட்டினார். தான் கைதட்டியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மத்தியானம் கார்ல் மேனேஜர்களின் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. கேன்டீனில் டிரைவர்களோடு உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து, அதில் பாதியைத் தட்டுக்கு வெளியே தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் ஊரில் மாநிலத்துக்கு மாநிலம் ரூல் எப்படி என்று கேட்டார். கனிஷ்கா டென்னிஸின் பக்கம் திரும்பினாள்.

டென்னிஸ் யோசித்தார். "ஆக்ஸிலுக்கு எதுனா எய்தி வெச்சிருப்பாங்க. ஆனா ரோட்டுல மாடு குறுக்கால படுத்துக்கினா, அது எய்ந்துக்கற வரிக்கும் நிக்கணும். அது தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா எல்லாத்துக்கும் ஒரே ரூலு."

கார்ல் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டி, பத்து டிரெய்லருக்கும் ஒப்புதல் போட்டார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். மீதி நானூறிலும் கோடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது இந்த டிரைவர் என்று. காவேரியின் பேருக்கு எழுத்துக் கேட்டு, அவளே சொல்லச் சொல்ல எழுதினார். கோமதிநாயகம் அதை எட்டிப் படித்துவிட்டு, "இனி நீ சிரிச்சா நான் டேப்பைத் தூக்கிட்டு ஓடியாரணும்" என்றார். அப்போதுதான் யாரோ அவருக்குக் கண்ணாடியைக் காட்டினார்கள்.

காவேரியின் புருஷன் சிவசங்கருக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. அந்த வாரம் அவனுக்கு மத்தியான ஷிப்ட். அவள் கம்பெனி பஸ் மூன்று மணிக்கு அவளைப் படப்பையில் இறக்கிவிடும். அவன் மணிமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் அங்கே வந்து, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூன்று ஐந்துக்கு வரும் தன் பஸ்ஸில் ஏறிப் போவான். வாரத்தில் ஆறு நாளும் அவர்கள் நின்று பேசிக்கொள்ளக் கிடைப்பது அந்த ஐந்து நிமிஷம்.

அன்று அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். கோடு, டேப்பு, இளநீர் என்று முன்னும் பின்னுமாக வந்தது.

"இன்னாடி சொல்ற? நிறுத்தி நிதானமா சொல்லு" என்றான் அவன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். கோமதிநாயகத்தின் நெற்றியை நடித்துக் காட்டினாள். வெள்ளைக்காரர் கையை வெயிலில் தூக்கிப் பார்த்ததைக் காட்டினாள். சிவசங்கர் சிரித்துச் சிரித்து நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பஸ் வந்தது, நின்றது, ஹாரன் அடித்தது, போயிற்று. இரண்டு பேருமே அதன் முதுகைத்தான் பார்த்தார்கள்.

"போச்சு" என்றான்.

"ஏறு" என்றாள் அவள், ஸ்கூட்டரைத் திருப்பி.

வாலாஜாபாத் சாலையில் அவள் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து மீதிக் கதையைக் கேட்டுக்கொண்டே போனான். பாதி காற்றில் போயிற்று. "இன்னாது?" என்று கத்துவான். அவள் முதலிலிருந்து சொல்வாள். அவன் ஏறியிருக்க வேண்டிய பஸ்ஸை அவர்கள் பாதி வழியிலேயே முந்தினார்கள். ஜன்னலோரமிருந்த அவன் லைன் ஆட்கள் கையசைத்துக் கூச்சல் போட்டார்கள். ஒரகடத்தில் அவன் கேட்டுக்கு முன்னால், ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இறக்கிவிட்டாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. பங்க் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காவேரி ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெயில் நன்றாக அடித்தது. அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.